இரண்டு என்று எழுதிய பதினோரு நாள்

பைனாகுலர்களைத் துடைப்பது அவள் வேலை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வழிகாட்டிகள் காட்டுப்பாதையிலிருந்து இறங்கி வந்து, அலுவலக அறையின் நீள மேசைமேல் ஏழு பைனாகுலர்களையும் வைத்துவிட்டுப் போவார்கள். வைத்துவிட்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டுவிட்டு என்பதுதான் உண்மை. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, ரப்பர் ஊதுபந்தால் தூசியை விரட்டி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் துடைப்பாள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், சட்டை முனையால் துடைத்தால் கீறல் விழும் என்று அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது. சொன்னதைக் கேட்கிற ஜாதி இல்லை அவர்கள்.

துடைத்து முடித்ததும் நடுவில் இருக்கிற திருகுச் சக்கரத்தை ஒரு முனைவரை முழுக்கத் திருப்பிவிடுவாள். அந்த முனையில் வைத்துப் பார்த்தால் பத்தடிக்கு அப்பால் எல்லாம் பாலில் கரைந்த மாதிரி இருக்கும். காலையில் எடுக்கிறவன் தன் கண்ணுக்கு ஏற்ற மாதிரி திருகித்தான் ஆக வேண்டும். இது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, அவளாக வைத்துக்கொண்ட வழக்கம். ஏழும் ஒரே மாதிரி பெட்டிக்குள் போனால்தான் அவளுக்கு வேலை முடிந்த நிம்மதி வரும்.

இப்படித்தான் விஷயம் அவள் கைக்கு வந்தது. ஒரு சாயங்காலம் நான்காம் நம்பர் பைனாகுலரின் சக்கரம் ஏற்கெனவே முனையில் இருந்தது. நான்காம் நம்பர் அவள் கணவருடையது. புருஷனுக்கு ஒரு நல்ல பழக்கம் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டாள். முப்பத்து மூன்று வருஷத்தில் வராத பழக்கம் திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை வருமா என்று அப்புறம்தான் யோசித்தாள். மறுநாள் சக்கரத்தை முழுக்கத் திருப்பாமல், முனையிலிருந்து அரை விரல் தள்ளி நிறுத்திக் கொடுத்தாள். சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அதே அரை விரல். அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறார், மாட்டிக்கொண்டு வருகிறார். அதன் வழியாக எதையும் பார்ப்பதில்லை.

ஊரில் அவளைக் கண்ணாடி அக்கா என்பார்கள். மூக்குமேல் ஒரு கண்ணாடி, கையில் ஏழு ஜோடிக் கண்ணாடி. அவள் கணவருக்குக் கழுகு என்று பெயர். வழிகாட்டிக் குழு ஆரம்பித்த முதல் வருஷம் பறவை பார்க்க வந்த ஒரு விருந்தாளி வைத்த பெயர் அது. மலை உச்சியில் ஊசிமுனை மாதிரி நின்ற ஆட்டை வெறும் கண்ணால் காட்டினாராம். அன்றிலிருந்து பெற்ற தாய் வைத்த பெயரே மறந்துபோகிற அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. அவரும் மறுத்ததில்லை.

அதற்கு முன்னால் அவருக்கு இருந்த பெயர்கள் அவ்வளவு நல்லவை இல்லை. அவள் கல்யாணமாகி வந்தபோது அவர் காட்டிலிருந்து பொருள் கொண்டுவந்து விற்கிறவர். பொருள் என்றால் சில சமயம் தேன், சில சமயம் உயிர். ஆற்றுக்கு மேலே பெரிய பாறைக்கு எதிரில் ஒரு நெடிய மரம் உண்டு. வருஷா வருஷம் அதன் பொந்தில் இருவாச்சிப் பறவை அடையும். பெண் பறவை உள்ளே போய், மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். விரல் அகலத்துக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். வெளியே இருக்கிற ஆண் அதன் வழியாகப் பழம் ஊட்டும். குஞ்சு பெரிதாகும்வரை, மூன்று மாதமோ நான்கு மாதமோ, இதுதான் குடும்பம். அந்த மரத்தில் அவர் நாலு முறை ஏறிக் குஞ்சை எடுத்திருக்கிறார். ஐந்தாம் முறை இறங்கும்போது கீழே அதிகாரிகள் நின்றார்கள். ஆறு மாதம் உள்ளே இருந்தார். அந்த ஆறு மாதமும் அவள் இரண்டு பிள்ளைகளோடு ஊராரின் துணியைத் துவைத்துத்தான் வயிற்றைக் கழுவினாள். வெளியே வந்தவரிடம் எதுவும் கேட்கவில்லை. துவைக்கிற கல்லைக் காட்டி, "அந்தப் பக்கம் உக்காருங்க, ஈரம்" என்று மட்டும் சொன்னாளாம்.

குழு ஆரம்பித்துப் பதினான்கு வருஷமாகிறது. பறவை பார்க்க வருகிறவர்களை ஊரிலேயே தங்கவைக்கலாம், ஊர்க்காரர்களே காட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று யோசனை சொன்னவள் ஒரு தையற்காரி. இன்றைக்கும் அவள்தான் தலைவி. எட்டு வீட்டில் எட்டு அறை. எந்த விருந்தாளி எந்த வீட்டுக்கு என்பது முறை வைத்து வரும், முகம் பார்த்து அல்ல. போர்வைகள் எல்லாம் ஒரே இடத்தில் துவைக்கப்படும். தலைவி பேச்சில் எப்போதும் கத்தரி இருக்கும். முதல் கூட்டத்திலேயே, "பறவை இருக்கற வரைக்கும்தான் நமக்கு விருந்தாளி. பறவை போச்சுன்னா நம்ம மூஞ்சியப் பார்க்கவா வரப்போறாங்க?" என்றாள். முன்னாள் வேட்டைக்காரரை வழிகாட்டியாக எடுக்கலாமா என்று நாலு பேர் முணுமுணுத்தபோது, "திருடனுக்குத்தான் பூட்டு எங்கன்னு தெரியும்" என்று முடித்துவிட்டாள். கழுகு அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

பத்தாவதுவரை படித்தவள், கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் பார்வைப் பதிவேடு கண்ணாடி அக்காவிடம் வந்தது. வழிகாட்டிகள் அன்றன்றைக்குக் கண்டதைச் சொல்வார்கள், அவள் எழுதுவாள். வனத்துறைக்குப் போவதும் அந்த நோட்டுதான், குழு முடிவெடுப்பதும் அதைப் பார்த்துத்தான். அதில் பெரிய விதி ஒன்று. இருவாச்சி ஜோடியாகப் பறக்கும்வரை விருந்தாளிகளை மரத்தடிக்குக் கூட்டிப்போகலாம். மூத்த வழிகாட்டி மூன்று நாள் தொடர்ந்து 'ஒன்று' என்று சொல்லிவிட்டால், பெண் உள்ளே அடைந்துவிட்டது என்று அர்த்தம். அன்றே அந்தப் பாதைக்குக் கயிறு கட்டிவிடுவார்கள். குஞ்சு வெளியே வரும்வரை ஏரிப்பக்கம்தான். மூத்தவருக்கும் இளையவருக்கும் எண்ணிக்கையில் வித்தியாசம் வந்தால் மூத்தவர் சொன்னதுதான் செல்லும்.

மூத்த வழிகாட்டி கழுகு. இந்த வருஷம் அவர் இன்னும் 'இரண்டு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவளுக்குத் தெரியாமல் இல்லை. டீயைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "இதுதான் இப்ப ஃபேஷன்" என்றார். விளக்கு மங்கல் என்று மூன்று பல்பு மாற்றியாகிவிட்டது. போன வருஷம் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பி, பஸ் வரும் இடம்வரை கூட்டிப்போனாள். பஸ்ஸும் வந்தது. "கண்ணுல கத்தி வைக்கறவன்கிட்ட நானாப் போய் உக்காரணுமா?" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார். வயதானால் எல்லாருக்கும் கொஞ்சம் மங்கும், காட்டுக்குள்ளே அவர் பழகிய கால் போகும் என்று அவளும் விட்டுவிட்டாள். விட்டுவிட்டது சௌகரியமாகவும் இருந்தது.

சக்கரத்தைப் பார்த்த அந்த வாரம்தான் நாத்தனார் மகள் துவைக்கிற இடத்துக்கு வந்தாள். அவளும் வழிகாட்டிதான், இரண்டு வருஷமாக. கழுகு காலை ஏழு மணிக் குழுவைக் கூட்டிப்போனால் இவள் பத்து மணிக் குழு. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே, போர்வையின் மறுமுனையை ஒரு கையால் பிடித்துப் பிழியக் கொடுத்தாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுடி. கோவம் வந்தா நான் பார்த்துக்கறேன்."

"மாமா நெஜமாவே ரெண்டு பார்க்கறாரா?"

"அவரையே கேக்க வேண்டியதுதானே."

"கேட்டேனே. உன் வயசுல எனக்கு இலைக்குப் பின்னாடி இருக்கற எறும்பு தெரியும்னாரு. எறும்பு தெரிஞ்சு என்ன அத்தை, கதவு தெரிய வேணாமா? நேத்து ஆபீஸ் நிலையில முட்டிக்கிட்டு நிலைகிட்ட மன்னிப்புக் கேட்டாரு."

சிரிக்கிற விஷயம்தான். அவள் சிரிக்கவில்லை. போர்வையை ஒரு முறுக்கு அதிகமாக முறுக்கினாள்.

"காலைல ஜோடியா வருது, நீ போற நேரத்துக்குப் பொட்டை தூரமா மேயப் போயிடுதுன்னு சொல்றாரு" என்றாள்.

"ஒரு நாளாவது வழி தவறி வராதா? நான் பதினோரு நாளா ஒண்ணுதான் பார்க்கறேன். நீங்களும் எழுதறீங்க, எனக்கு மேல அவரோடத எழுதி."

"விதி அது."

"விதிதான். நான் இல்லங்கலையே." பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அது உள்ள அடைஞ்சிருந்துச்சுன்னா, நாம தினமும் ரெண்டு கும்பலைக் கூட்டிட்டுப் போய் அது வாசல்ல நிறுத்தறோம். அவ்வளவுதான்." போர்வையை உதறிக் கயிற்றில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கண்ணாடி அக்கா தானே கிளம்பினாள். கணவரிடம், நோட்டு வாங்கத் தலைவி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். காட்டுப்பாதையில் அவள் ஏறி வருஷக்கணக்கு ஆகிறது. ஊர் முழுக்கப் பறவையால் பிழைக்கிறது. அவளுக்கோ பறவை என்றால் நோட்டில் ஒரு வரி. மூச்சு வாங்கப் போய், பாறைக்கு இந்தப் பக்கம், பாதையிலிருந்து எட்டே அடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பனிக்குத் தலையில் கட்டிய மஞ்சள் துண்டை அவிழ்க்கவில்லை.

பொந்து நேராகத் தெரிந்தது. வாசல் பூசப்பட்டிருந்தது, சுவரில் ஓட்டையை அடைத்துப் பூசுகிற மாதிரி. நடுவில் ஒரு கீறல். பதினோரு நாளாக என்ன, ஒரே ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஏழரை மணி சுமாருக்குச் சத்தம் வந்தது. தூரத்தில் ரயில் வருகிற மாதிரி புஸ் புஸ் என்று இறக்கை காற்றை அறுக்கிற சத்தம். தலைக்கு மேலே ஒன்று போனது. உடனே பின்னால் இன்னொன்று. அவள் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தாள். ஒன்றுதான். ஆண் பறவை மரத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் அடித்தது. இந்த முறை அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வந்தன. திறந்தாள். ஒன்று. எதிரே நின்ற பாறை, சத்தத்தை வாங்கி அப்படியே திருப்பி எறிந்துகொண்டிருந்தது.

அதே நேரம் பாதையில் பேச்சுக் குரல். கழுகு முன்னால் வந்தார், பின்னால் நாலு விருந்தாளிகள். குச்சியைத் தரையில் தட்டித் தட்டி, காலுக்குப் பழகிய கல்லில் கால் வைத்து, நல்ல நடைதான். அவளைத் தாண்டி நடந்தார். எட்டடி. மஞ்சள் துண்டு. விருந்தாளி ஒருவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் பார்க்கவில்லை.

"கேக்குதா? ஜோடியா வருது" என்றார் கழுகு, மேலே கையைக் காட்டி. "முன்னாடி ஆண், பின்னாடி பொட்டை."

"ஒண்ணுதான் தெரியுது" என்றாள் ஒரு பெண்.

"இன்னொண்ணு இலைக்குப் பின்னாடி. பொறுமையா பாருங்க, கண்ணு பழகணும்."

நாலு பேரும் பொறுமையாகக் கண்ணைப் பழக்கினார்கள். கேமராக்கள் உயர்ந்தன. பொந்துக்கு அருகே கிளையில் இறங்கிய ஆண், அலகு நுனியில் ஒரு பழத்தை எடுத்திருந்தது. கீழே பார்த்தது. தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தது. பழத்தைத் தொண்டைக்குள் திரும்ப வாங்கிக்கொண்டு பறந்துவிட்டது.

அவர்கள் போனபின்னும் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆண் பறவை ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, கிளையில் உட்காராமலே போனது. மூன்றாம் முறை வந்து உட்கார்ந்தபோது, கீழே நாத்தனார் மகள் தன் பத்து மணிக் குழுவோடு வந்துகொண்டிருந்தாள். அப்போதும் பறந்துவிட்டது. அதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது. அவள் எழுந்து இறங்கினாள். பசித்தது. தனக்குப் பசிக்கிறது என்று நினைத்ததும் பொந்துக்குள் இருப்பதன் ஞாபகம் வந்து எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தாள். கழுகு பெஞ்சில் உட்கார்ந்து கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் பதிவேட்டைத் திறந்து வைத்தாள்.

"இன்னைக்கு எத்தனை?"

"என்ன கேள்வி இது. ரெண்டு."

"நான் அங்கதான் இருந்தேன்."

அவர் கை நின்றது. "எங்க?"

"பாறைக்கு இந்தப் பக்கம். எட்டடியில. நீங்க என்னைத் தாண்டித்தான் போனீங்க."

மறுபடி கால் மண்ணைத் தட்டினார். பிறகு, "கூப்பிட வேண்டியதுதானே?" என்றார்.

"விருந்தாளிங்க முன்னாடியா? அந்த நாலு பேருல ஒருத்தருக்குக்கூட நான் தெரியாமப் போகலை."

"அதுக்கு? ரெண்டு வந்துச்சு. என் காதுல கேட்டுச்சு. காது பொய் சொல்லாது."

"காது பொய் சொல்லலை. பாறை சொல்லுது. ஒண்ணு போனா அது திருப்பிச் சொல்லுது. நான் கண்ணை மூடிப் பார்த்தேன், எனக்கும் ரெண்டுதான் வந்துச்சு."

இதற்கு அவர் பாய்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் பாயவில்லை. தலையைச் சாய்த்து, எங்கேயோ கேட்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பாறை…" என்றார். "முப்பது வருஷமா அங்கதானே நிக்குது." பிறகு மெதுவாக, "அப்பல்லாம் பார்த்துக்கிட்டே கேப்பேன்."

"வாசல் பூசியிருக்கு. காய்ஞ்சு கெட்டியா இருக்கு. உங்க மருமக பதினோரு நாளா ஒண்ணுன்னு சொல்றா."

"பதினொண்ணா." விரலை மடக்கி எண்ணினார். இப்போது அவர் குரலில் இருந்தது வேறு ஆள், அந்த மரத்தில் ஏறி இறங்கியவர். "காலைல தீனி குடுத்துச்சா?"

"இல்ல. மூணு தடவை வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நம்ம ஆளுங்க கீழ நின்னாங்க, இல்லன்னா நின்னுட்டுப் போயிருந்தாங்க. வாய்க்கு எடுத்ததை முழுங்கிட்டுப் போயிடுச்சு."

"சாயங்காலம் குடுத்திருக்கும். குடுக்காம இருக்காது." அவருக்கே சமாதானமாகவில்லை. "தொடர்ந்து ரெண்டு மூணு நாள் கொறைஞ்சா பொட்டை சுவரை ஒடச்சுக்கிட்டு வெளிய வந்துடும். முட்டை போச்சு. அப்புறம் அந்தப் பொந்துப் பக்கமே வராது." முகத்தை உள்ளங்கையால் துடைத்தார். "கயிறு கட்டச் சொல்லு. இப்பவே சொல்லு."

"சும்மா சொன்னாக் கட்ட மாட்டாங்க. நோட்டுல ரெண்டுன்னு இருக்கு."

அதுதான் விஷயம் என்று இருவருக்கும் தெரியும். பதினோரு வரியையும் அடித்துத் திருத்த வேண்டும். அதற்கும் விதி உண்டு. அடித்த வரிக்குப் பக்கத்தில் சொன்னவர் கையெழுத்துப் போட வேண்டும், காரணம் எழுத வேண்டும். மூன்று வரிக்கு மேல் அடிபட்ட வழிகாட்டி மறுபடி பரீட்சைக்கு நிற்க வேண்டும். நூறு அடி தள்ளி மரங்களில் தொங்கவிட்ட ஆறு மரப் பறவைகளைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஐந்தையாவது சொல்லாவிட்டால் நெஞ்சில் குத்தியிருக்கிற வழிகாட்டி வில்லையைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான்.

"என் மொத்தப் பொழப்பே அந்த வில்லைதான்" என்றார்.

"தெரியும்."

"அது இல்லன்னா என்ன பண்ணுவேன்? ஒன்கூட உக்காந்து போர்வை துவைப்பேனா?"

"துவைச்சா என்ன? நான் துவைக்கலையா?"

"உனக்கு அது பழக்கம்."

நாக்கைப் பிடுங்குகிற மாதிரி ஒரு பதில் அவள் வாய்வரை வந்தது. அந்த ஆறு மாதத்தைப் பற்றிய பதில். அதை விழுங்கிவிட்டு, அடிக்கோலை எடுத்து, முதல் வரியின்மேல் வைத்துச் சிவப்பு மையால் கோடு போட்டாள். பிறகு இரண்டாவது. அவர் கோட்டுச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பதினொன்றாவது முடிந்ததும் கையை நீட்டினார்.

"எங்கன்னு காட்டு."

அவர் விரலைப் பிடித்து முதல் வரியின் ஓரத்தில் வைத்தாள். கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் விரலை நகர்த்தி வைத்தாள். ஏழாவது கையெழுத்தும் எட்டாவதும் வரிகளின் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டன.

"காரணம்னு என்ன எழுதப் போற?"

அவள் எழுதிக்கொண்டே படித்தாள். "கண்ணால் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்துச் சொல்லப்பட்டது. பாறையின் எதிரொலி."

அவர் அதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது. "பொய் ஒண்ணும் இல்ல" என்றார்.

"இல்ல."

"எதிரொலின்னா யாரும் ஏமாறலாம். நீயே ஏமாந்தேன்னு சொல்ற." கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தவறிடுச்சுன்னு ஒரு வார்த்தை. பதினாலு வருஷத்துல ஒரு தடவை. அதுக்காகப் பரீட்சை வைக்கணுமா, தலைவி நெனச்சா விட்டுடலாம்."

அவள் மை காய்வதற்காகப் பக்கத்தின்மேல் விசிறினாள். வெளியே விருந்தாளிகள் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். இருட்டுவதற்குள் தலைவி வீட்டில் கொடுத்தால் காலை ஏழு மணிக்கு முன்னால் கயிறு ஏறிவிடும்.

"ஆனா அவ கேப்பா" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "அந்தத் தையற்காரி ஓட்டை எங்கன்னுதான் மொதல்ல பார்ப்பா. ஏன் கண்ணால பார்க்கலைன்னு கேப்பா. எங்கிட்ட கேக்க மாட்டா, உங்கிட்ட கேப்பா."

அவள் நோட்டை மூடினாள்.

"கேட்டா என்ன சொல்லுவ?"

நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள். செருப்பை மாட்டினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். என்ன சொல்லுவ?"

பதிவேட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு, அவர் நிலையில் இடித்துக்கொள்ளாதபடி கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, அவள் வெளியே போனாள்.